மேஜர் கோழி அல்ல

'பென்டரா மாவட்ட முரசு' ஆசிரியர் திரு. கிளைவ் ஹாலண்ட் அவர்களுக்கு,

முரிண்டா ஊர் பேக்கரிக்காரன் லெஸ்லி ட்ரெகியர் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம்தான். அதைத்தான் தங்கள் பத்திரிகை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இந்த ஜனவரிக் கோடையில் வந்த காட்டுத்தீ எங்கள் ஊரில் பாதியைத் தின்றது உண்மை. மேற்குத் தெரு போயிற்று, ஆப்பிள் தோட்டங்கள் போயின. ஆனால் 'முரிண்டா சாம்பலானது' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டீர்களே, மீதிப் பாதியில் நின்று அதைப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தீர்களா? அன்றிலிருந்து நெடுஞ்சாலையில் போகும் கார் ஒன்றும் நிற்பதில்லை. சாம்பலில் இறங்கி யார் டீ குடிப்பார்கள்? பரிதாபம் மட்டும் லாரி லாரியாக வந்தது. ஊர் மண்டபம் முழுக்கப் பழைய துணி. யாரோ ஒரு புண்ணியவதி பனிச்சறுக்குக் கையுறை அனுப்பியிருந்தார், அதுவும் எரிந்த ஊருக்கு, நடுக்கோடையில். எங்களுக்கு வேண்டியது துணி இல்லை ஐயா, பசியோடு வருகிற மனிதர்கள். ஈஸ்டர் விடுமுறைக்கும் ஆள் வராவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருந்தேன். ஊருக்கு இருப்பது இந்த ஒரே பேக்கரிதான். இது போனால் பெட்ரோல் பங்க் போகும், பிறகு பள்ளிக்கூடம் போகும்.

இந்த லட்சணத்தில் நகரத்திலிருந்து சுற்றுலா மீட்பு ஆலோசகர் பிலிப்பா ஆன்செல் வந்து கூட்டம் போட்டார். "உங்க ஊர், வெளியூர் ஜனங்களுக்கு ஒரு கதை சொல்லணும்" என்றார். எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைத் தலைவன் கேவின் ப்ரூயட் எழுந்தான். "கதை இருக்கட்டும்மா. மலைத் திருப்பத்துல 'ரோடு மூடியிருக்கு'ன்னு பலகை நிக்குது. ரோடு திறந்து எத்தனையோ வாரமாச்சு. முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க." அவர் குறித்துக்கொண்டார். பலகை இன்னும் நிற்கிறது.

இனி மேஜர் விஷயம். பக்கத்து ஊர்க்காரர்கள் சாலையோரம் ஆட்களை இழுக்க ராட்சத உருளைக்கிழங்குச் சிலை வைத்தபோது, மானப் பிரச்சினையாகி, என் கடை வாசலில் நாங்கள் எழுப்பிய சிமெண்டுச் சேவல்தான் மேஜர். கூரைக்கு மேல் தலை தெரியும். வருஷா வருஷம் கொண்டைக்குச் சிவப்பு அடிப்பது நான். தீயில் கொண்டையும் வாலும் எரிந்துபோயின. இரும்புக் கால்கள் சூட்டில் வளைந்து, மனிதர் அப்படியே குந்திவிட்டார்.

போன வாரம் வழி தவறி வந்த ஒரு காரிலிருந்து ஒரு அம்மாள் இறங்கினார்.

"ஐயோ பாவம், எவ்வளவு அழகா அடைகாக்குது பாருங்க. எத்தனை முட்டை?"

"அது சேவலும்மா" என்றேன்.

பின்னால் நின்ற கேவின், "இப்போதைக்கு ஒண்ணுதான்" என்றான்.

மறுநாள் பார்த்தால் மேஜருக்கு அடியில் பெரிய வெள்ளை முட்டை. படகு கட்டும் உருண்டை மிதவை ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கேவின்தான் வைத்திருக்கிறான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"யோவ், அவர் சேவல்யா. உனக்கு வெட்கமா இல்ல?"

"கால் போச்சு, கொண்டை போச்சு, வாலும் போச்சு. இனிமே அவருக்கு என்ன வேலை கிடைக்கும், சொல்லு லெஸ்ஸு. உக்காந்து பாக்குற வேலைதான்."

சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முட்டையை உருட்டித் தள்ளப் போன காலை இழுத்துக்கொண்டேன். இவன் என் கடைக் கூரையில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோதுதான் மேற்குத் தெருவில் இவன் வீடு எரிந்தது. ஜனவரிக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அவனை மன்னித்தேன். தங்களை மன்னிக்க முடியாது. சரிபார்க்காமல் 'முரிண்டாவின் அடைகாக்கும் கோழி' என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். ஊரைச் சாம்பல் என்றீர்கள், பொறுத்தோம். சேவலைக் கோழி என்றால் எப்படிப் பொறுப்பது? முரிண்டா இருக்கிறது, மேஜர் ஆண்பிள்ளை என்று அடுத்த இதழில் திருத்தம் வராவிட்டால், அடுப்புப் பற்றவைக்கக்கூட இனி தங்கள் பத்திரிகையைத் தொட மாட்டேன்.

தங்கள் நிருபர்களுக்குக் கண்பார்வையும் தங்களுக்கு நீண்ட ஆயுளும் வாய்க்கட்டும். வீட்டம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
லெஸ்லி ட்ரெகியர்

பின்குறிப்பு: நேற்று எழுதிய இதை இன்று தபாலில் போட முடியவில்லை, கடையை விட்டு நகர முடியவில்லை. ஈஸ்டர் சனிக்கிழமை. காலையிலேயே இரண்டு பேருந்துகள். எல்லார் கையிலும் தங்கள் பத்திரிகை. லாமிங்டன் கேக் ஒன்றுகூட மிச்சமில்லை, நாளைக்கு மாவும் போதாது. கேவின் முட்டை பக்கத்தில் நின்று கூட்டத்தை வரிசைப்படுத்துகிறான். ஒரு சின்னப் பெண், "கோழி பேரு என்ன?" என்று கேட்டாள். ஊரே என் முகத்தைப் பார்த்தது. "மேஜரம்மா" என்றேன். ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். குஞ்சு பொரிக்க இன்னும் நாளாகும், அடுத்த வாரமும் வரலாம் என்று மட்டும் முதல் பக்கத்தில் போடவும். சாம்பல் என்று போட்டீர்களே, அதே கொட்டை எழுத்தில்.