கண் சிமிட்டினால் சூடு

பார்த்த மாத்திரத்தில் நோய் சொல்கிறவர்கள் என்றோர் இனம் உண்டு. உங்களுக்கும் தெரியும். நீங்கள் இருமினால் காசம் என்பார்கள், கொட்டாவி விட்டால் காமாலை என்பார்கள், இரண்டும் செய்யாமல் சும்மா இருந்தால், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்பார்கள். வைத்தியம் எங்கே படித்தார்கள்? கேட்கக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில், வேலந்தாவளம் வாரச் சந்தையில் இந்த இனத்துக்குத் தலைமை மாட்டுத் தரகர் அர்த்தநாரி. பல்லைப் பிடித்து மாட்டின் வயதைச் சொல்வார். எதையும் பிடிக்காமலே மனிதனின் ஆயுளைச் சொல்வார்.

கயிற்றுக்கடை அப்பாஸ் ராவுத்தரின் மகள் பாத்துவுக்கு எட்டு வயது. திடீரென்று ஒருநாள் முதல் கண்ணைப் படபடவென்று சிமிட்டி, கூடவே தோளையும் ஒரு குலுக்குக் குலுக்கினாள். தரகர் பார்த்துவிட்டார். முதல் சந்தையில் அது திருஷ்டி, அடுத்த சந்தையில் காக்காய் வலிப்பு, மூன்றாவது சந்தையில் பேய். போதாததற்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவளைப் போலவே சிமிட்டி, குலுக்கி நடித்தும் காட்டினார். பிள்ளை வெட்கப்பட்டுக் கடைப்பக்கம் வருவதையே விட்டது. சிமிட்டல் கூடியது.

"ஏனுங்க ராவுத்தரே, காதுக்குப் பின்னால ஒரு சூடு இழுத்தாச் சரியாப் போயிருமுங்க. நல்ல மாட்டுக்கு ஒரு சூடுன்னு சும்மாவா சொன்னாங்க?"

அப்பாஸ் பயத்தில் தலையாட்டிவிட்டார். அடப் பாவி மனுஷா! கம்பி அடுப்புக்குப் போனது. அவர் மனைவி ரம்லா அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மகளைப் பக்கத்து ஊரான சித்தூரில் இருந்த டாக்டரிடம் கூட்டிப்போனாள். எத்தனை நாளாக, கொஞ்ச நேரம் அடக்க முடிகிறதா, தூங்கும்போதும் வருகிறதா என்று அவர் கேட்டார்.

"மூணு வாரமாச்சுங்க. தூக்கத்துல இல்லீங்க. அடக்குனா அப்புறம் சேர்த்து வருதுங்க."

"குழந்தைகளுக்கு இப்படி வர்றதுதான். பெரும்பாலும் வருஷம் திரும்பறதுக்குள்ள தானாப் போயிடும். போகலேன்னா கூட்டி வாங்க. அதுவரைக்கும் யாரும் அதையே பார்க்காதீங்க, பேசாதீங்க."

பேசக் கூடாதா! அர்த்தநாரிக்கு இதைவிடக் கொடிய பத்தியம் உண்டா?

இரண்டு மாதத்தில் பாத்து சிமிட்டுவதை மறந்தே போனாள். நடித்துக் காட்டியவருக்குத்தான் நிற்கவில்லை. பேரத்தின் நடுவே அவர் கண் சிமிட்ட, சம்மதம் என்று நினைத்த ஒருவன் ஒற்றைக்கொம்பு எருமையின் கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான்.

ரம்லா கடையிலிருந்தே கூப்பிட்டாள்.

"ஏனுங்ணா, நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனுசனுக்கு ஒரு சொல்லுன்னு சொல்லுவாங்க. நீங்க இதுல எதுன்னு சொன்னீங்கன்னா, கம்பியக் காய வெச்சுப்போடறேன்."

"மனுசன் அம்மிணி, மனுசன்! யாரும் பாக்காம இருந்தாத் தானாப் போயிருமுங்க!" என்றார், மூன்று தடவை சிமிட்டிக்கொண்டு.

சரி, இதைப் படிக்கும்போதே எதிரில் இருப்பவர் எத்தனை தடவை கண் சிமிட்டினார் என்று எண்ணினீர்களா? எண்ணியிருந்தால் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். கம்பி ரம்லாவிடம்தான் இருக்கிறது.