லுகன்யெனி ஊரார் அனுப்பும் ஏழாவது கோரிக்கை

லுகன்யெனி கிராமம்,
உம்டாட்டா வழி,
பிப்ரவரி 1995, திங்கட்கிழமை.

புதிய அரசியல் சட்டத்துக்காக மக்கள் அனுப்பும் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல், எனக்கே வெட்கமான இடங்களையும் விடாமல் எழுதுவேன் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டாரும் நலம் என்று நம்புகிறோம். நாங்கள் நலம். மழை பெய்திருக்கிறது. மக்காச்சோளம் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. மாடுகளும் நலம், வயிறு சரியில்லாத ஒரு கன்றைத் தவிர. அதன் காரணம் கீழே வரும்.

இத்துடன் எங்கள் ஊரின் கோரிக்கைகள் பதினோரு பக்கங்கள் உள்ளன. அவை இருக்கும் கோலத்தைப் பார்த்து ஊரைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கக் கடிதம். என் பெயர் வுயெல்வா. வயது பதினான்கு. கூட்டத்தின் செயலாளர் நான்தான். சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ரேடியோவில் சொன்னதும், எங்கள் ஊர்த் தலைவர் ஜோங்கிலாங்கா சனிக்கிழமை கூட்டம் போட்டார். அன்றைக்கு ஊரிலுள்ள பெண் பிள்ளைகள் எல்லோரும் பாட்டுப் போட்டிக்காக உம்டாட்டா போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. ஆசிரியர் என்னை இரண்டு வரி பாட வைத்துக் கேட்டுவிட்டு, "வுயெல்வா, உன் கையெழுத்து ரொம்ப அழகும்மா" என்று சொல்லிச் செயலாளர் ஆக்கிவிட்டார். யார் எது பேசினாலும் ஒரு சொல் விடாமல் எழுதுவதுதான் செயலாளர் வேலை என்றும் சொல்லி அனுப்பினார். அதனால்தான் பதினோரு பக்கம்.

முதல் ஒன்றரைப் பக்கம் முழுக்கக் குலப் புகழ்ச்சி. எங்கள் ஊரில் பேச எழுபவரைக் குலப் பெயர் சொல்லிப் புகழாமல் யாரும் பேச விடமாட்டார்கள். சட்டம் அதில் எதுவும் இல்லை, தேட வேண்டாம். இரண்டாம் பக்கத்தில் உள்ள கறை சோள பீர். மருத்துவமனைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்ற கோரிக்கை அதன் அடியில் இருக்கிறது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும். மூன்றாம் கோரிக்கை பன்றிகளைப் பற்றியது. பன்றிகளுக்கு நடமாட்டச் சுதந்திரம் வேண்டும் என்று பெரியவர் டோலோ சொன்னார், அவரிடம் ஆறு பன்றிகள் உண்டு. பன்றிகளையே தடை செய்ய வேண்டும் என்று என் பெரியப்பா வெலிங்டன் சொன்னார், அவரிடம் சோளக்காடு உண்டு. இரண்டு பக்கப் பேச்சுக்குப் பிறகு, சோளம் இல்லாத இடங்களில் பன்றிகள் சுதந்திரமாக நடமாடலாம் என்று முடிவாயிற்று. நான்காம் பக்கத்தின் ஓரத்தை அந்தக் கன்று தின்றுவிட்டது. எங்களுக்குச் சாலை வேண்டும் என்பது மிச்சம் இருக்கிறது. எங்கிருந்து எங்கே என்பது கன்றின் வயிற்றில் இருக்கிறது.

ஏழாவது கோரிக்கைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் நடுநிலையானவள் என்று நினைத்துவிடுவீர்கள். என் அப்பா மூன்று வருடங்களுக்கு முன் தங்கச் சுரங்கத்தில் பாறை சரிந்து இறந்துபோனார். சுரங்கத்திலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான்கு தகரம், ஐந்து தகரம் என்று கொண்டுவந்து கூரை போட்டுக் கட்டிய வீட்டில் அம்மாவும் தங்கையும் நானும் இருக்கிறோம். அண்ணன் தம்பி கிடையாது. ஆகவே வழக்கப்படி வீடு தன்னுடையது என்கிறார் பெரியப்பா. அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுப் புல் கூரை ஒழுகுகிறது, ஐந்து பையன்கள், மூத்தவனுக்கு ஜூன் மாதம் கல்யாணம். போன மாதம் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து எங்கள் வீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்துவிட்டு, "சாமானையெல்லாம் கட்டி வை, உன் பொறந்த வீட்டுக்குப் போயிடு" என்று அம்மாவிடம் சொன்னார். தலைவரிடம் போனோம். "புதுச் சட்டம் வரட்டும், அதுவரைக்கும் யாரும் ஒரு தட்டைக்கூடத் தூக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதனால் நாட்டில் மற்றவர்களைவிட எங்கள் வீட்டில் புதுச் சட்டத்துக்கு அவசரம் கொஞ்சம் அதிகம்.

கூட்டம் தலைவர் வீட்டு மாட்டுப்பட்டிக்குள் நடந்தது. மருமகள்களாக வந்த பெண்கள் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த வீட்டுப் பெண்கள் வைக்கலாம். தலைவர் எங்கள் குலத்தவர், ஆகவே நான் வீட்டுப் பெண் கணக்கு. ஆண்கள் பட்டிக்குள்ளே, பெண்கள் கல் வேலிக்கு வெளியே அடுப்பு மூட்டிக்கொண்டு, நான் இரு பக்கத்துக்கும் நடுவே நோட்டுடன் ஓடிக்கொண்டிருந்தேன். ஆறு கோரிக்கை முடிந்ததும் பக்கத்து வீட்டு மாம்டோலோ (பெரியவர் டோலோவின் குலத்தில் பிறந்தவர், அதனால் அந்தப் பெயர்) வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அடியே வுயெல்வா, இதையும் எழுது. புருஷன் செத்தா வீடு பொண்டாட்டிக்கு. அவளுக்கப்புறம் பிள்ளைங்களுக்கு. பொட்டப்பிள்ளையா இருந்தாலும் சரி" என்றார். அம்மா பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஓடிப் படித்தேன்.

"யாரு சொன்னது இது?" என்றார் பெரியப்பா.

"பெண்கள் பக்கம், பெரியப்பா."

"பொம்பளைங்க பக்கம்னா எந்தப் பொம்பளை?"

"எல்லாரும்."

"எல்லாரும்னா உங்கம்மா."

"எல்லாரும்னா எல்லாரும்தான்யா!" என்று வேலிக்கு வெளியே பத்துக் குரல் ஒன்றாகக் கேட்டது.

எங்கள் பட்டியில் கை தூக்கி எண்ணும் பழக்கம் இல்லை. போன வருடம் வாக்குச்சாவடியில் எண்ணினார்கள், அது நாட்டுக்கு. பட்டிக்குள் எல்லோரும் ஒரே பேச்சுக்கு வரும்வரை பேசுவோம். ஒருவர் வரவில்லை என்றால் அந்தக் கோரிக்கையை அடித்துவிட வேண்டும். பாதிப் பேர் சரி என்றார்கள். பெரியப்பா முடியாது என்றார். பெரியவர் டோலோ, "எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் படுது. சாப்பாடு வந்தா ஒரு பக்கமா முடிவு பண்ணுவேன்" என்றார். சூரியன் உச்சியிலிருந்து இறங்கிவிட்டது. பீர் தீர்ந்துவிட்டது. "சரி, ஒத்து வரலை. ஏழாவதை அடிச்சுடும்மா" என்றார் தலைவர். அடிக்கச் சொன்னால் செயலாளர் அடிக்க வேண்டும். நான் பேனாவை உதறிப் பார்த்துவிட்டு மை தீர்ந்துவிட்டது என்றேன். அது பொய். அன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான், எழுதிவிட்டேன்.

யாரோ பேனா தேடப் போனார்கள். அதற்குள் மக்காச்சோளமும் பீன்ஸும் வெந்த வாசனை வேலியைத் தாண்டி வந்துவிட்டது.

"சாப்பாடு எங்கம்மா?" என்று கத்தினார் பெரியப்பா.

"இதோ, பானை இங்கதான் இருக்கு. நாங்கதான் உள்ள வரக்கூடாதே!" என்றார் மாம்டோலோ.

இது வேண்டுமென்று செய்ததில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். எப்போதும் வீட்டுப் பெண் பிள்ளைகள்தான் பானையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் எல்லோரும் உம்டாட்டாவில் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டுப் போட்டியும் அரசியல் சட்டமும் ஒரே நாளில் வந்தால் யார் பரிமாறுவது என்று ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை. "வுயெல்வா தூக்கிட்டு வரட்டும்" என்றார் ஒருவர். அது மூன்று கால் இரும்புப் பானை, அதற்குள் நானே உட்காரலாம். ஆண்கள் போய்த் தூக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் உட்பட ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் வேலிக்கு வெளியே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்த என் அத்தை தோபேகா எழுந்தார். பெரியப்பாவுக்கு அக்கா. முப்பது வருடம் வேறு ஊரில் வாழ்ந்ததால் அவரும் இந்தக் குலத்தில் பிறந்த வீட்டுப் பெண்தான் என்பது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது. "நான் தூக்கிட்டு வரேன். எனக்கென்ன தடை? ஆனா பானையோட என் வாயும் உள்ள வரும்" என்றார். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். மூடியின் மேல் கையையும் வைத்தார்.

"டேய் வெலிங்டன், பசிக்குதா?"

"பசிக்குதுக்கா."

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி என் புருஷன் செத்தப்போ, அவன் தம்பி என் சாமானையெல்லாம் வாசல்ல தூக்கி எறிஞ்சான். நீ குதிரைல வந்தே. வந்து என்ன சொன்னே?"

"அது வேறக்கா."

"என்ன வேற?"

"அவன் நம்ம ஆளு இல்ல."

"ஓ! வேத்தாளு செஞ்சா கொள்ளை, நாம செஞ்சா வழக்கமா?"

பெரியவர் டோலோவுக்குத் திடீரென்று உற்சாகம் வந்துவிட்டது. "நானும் கூடப் போனேனே! 'இது எங்கக்கா இருந்து வாழ்ந்த வீடு, அவ என்ன மாடா, ஓட்டிட்டுப் போறதுக்கு'ன்னு இவன் போட்ட சத்தத்துல குதிரை மிரண்டு என்னைக் கீழ தள்ளிடுச்சு. இடுப்பு இன்னும் வலிக்குது!" என்றார். பட்டி முழுவதும் சிரித்தது. வெளியிலும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்போ என் பையனை எங்க குடி வைப்பேன், அக்கா?" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மை தீர்ந்துவிட்டதாகச் சொன்ன அதே பேனாவால் அதையும் எழுதியிருக்கிறேன், ஒன்பதாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி.

தலைவர், மேட்டுப் பக்கத்தில் வீடு கட்ட இடம் தருவதாகச் சொன்னார். மண் கல் அறுக்க நாங்கள் வருகிறோம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். வேலிக்கு வெளியிலிருந்து, அன்று முழுவதும் வாய் திறக்காத அம்மா பேசினாள்.

"சுவரை நான் பூசித் தரேன், மூத்தவரே. வழவழன்னு பூசித் தரேன்."

பெரியப்பா என் நோட்டைச் சுட்டிக் காட்டினார். "சரி, எழுது. ஆனா பொம்பளைங்க சொன்னதுன்னு எழுதாதே. நான் சொன்னதுன்னு எழுது. பதினாலு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னேன்ல?" என்றார். வெளியே ஒரே கூச்சல். "பாருங்கடி, நாம வச்ச பானைக்கு இவரு பேரு வைக்கிறாரு!" என்றார் மாம்டோலோ. இந்தச் சண்டை பத்தாம் பக்கம் முழுவதும் நடந்து, கடைசியில், 'வெலிங்டன் அவர்கள் முன்மொழிந்தது, பெண்கள் நினைவூட்டியது' என்று எழுதலாம் என்பதில் எல்லோரும் ஒத்துவந்தார்கள். அத்தை மூடியிலிருந்து கையை எடுத்தார். பெரியவர் டோலோ மூன்று தட்டு சாப்பிட்டார்.

நாடு முழுவதிலிருந்தும் உங்களுக்குக் கடிதங்கள் வரும் என்று தெரியும். எங்கள் பதினோரு பக்கங்களையும் படிக்க நேரமில்லை என்றால் ஏழாவதை மட்டும் படியுங்கள். சட்டத்தில் இடம் போதவில்லை என்றால் பன்றிகளை விட்டுவிடலாம். நான் சொன்னேன் என்று பெரியவர் டோலோவுக்குத் தெரிய வேண்டாம். உங்கள் கண்களுக்கும் பேனாவுக்கும் எங்கள் முன்னோர்கள் பலம் தரட்டும். உங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருபவர் வரை எல்லோருக்கும் எங்கள் ஊரின் வணக்கம்.

இங்ஙனம்,
வுயெல்வா,
செயலாளர் (ஒரு நாள்).

பின்குறிப்பு: இதை மட்டும் அஞ்சலகத்தில் வைத்து எழுதுகிறேன். தன் பெயர் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதற்காகப் பெரியப்பாவும் என்னோடு பஸ்ஸில் வந்திருக்கிறார். இப்போதுதான் இந்தக் கடிதம் முழுவதையும் விரல் வைத்துப் படித்து முடித்தார்.

"இதெல்லாம் என்ன? நான் எப்போ முடியாதுன்னேன்?"

"சனிக்கிழமை, பெரியப்பா."

"சனிக்கிழமை நான் யோசிச்சிட்டிருந்தேன். யோசிக்கிறது வேற, முடியாதுங்கிறது வேற."

"கயிறு கொண்டு வந்து வீட்டை அளந்தீங்களே?"

"என் பையன் வீட்டுக்கு எத்தனை தகரம் வேணும்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"சாமானைக் கட்டி வைக்கச் சொன்னீங்களே?"

"மழைக்காலம்மா. எலி வரும்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அஞ்சலக அம்மா, "ஐயா, சட்டுனு முடிங்க, மூடப் போறேன்" என்றார். ஆகவே ஐயா அல்லது அம்மா, மேலே எழுதியவற்றில் பெரியப்பா மறுத்ததாக வரும் இடங்கள் அனைத்தும் தவறு. அவர் தொடக்கத்திலிருந்தே ஏழாவது கோரிக்கையின் பக்கம்தான். கூட்டமும் பானையும் தேவையே இருக்கவில்லை. நான் எழுதினால் நம்பமாட்டீர்கள் என்று சொல்லி, பேனாவை வாங்கி அவரே கீழே எழுதுகிறார்:

*என் தம்பி வீடு அவன் மனைவிக்கும் மகள்களுக்கும். இதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். வெலிங்டன்.*

'எப்போதும்' என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறார். பேனாவை வாங்கி நானும் மூன்றாவதாக ஒரு கோடு போட்டேன். இன்னொரு முறை, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் பேனாவைத் திரும்பக் கேட்கிறார். வெளியே மழை இருட்டு. அஞ்சலகத்தில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.