மூன்று துறையிலும் தேறியவர்

ஒரு காட்டில் மூன்று உளவுத்துறைகள் இருந்தன. காடு என்னவோ ஒன்றுதான், காலையில் நடக்க ஆரம்பித்தால் மாலைக்குள் தீர்ந்துபோகும். ஆனாலும் வானத்தைக் காகத் துறையும், மரங்களைக் குரங்குத் துறையும், மண்ணுக்கடியைப் பெருச்சாளித் துறையும் கவனித்துவந்தன. ஒரு துறை இன்னொன்றுடன் பேசாது. பேசினால் துறை எதற்கு என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

ஏரிக்கரைச் சரளையில் செங்கமலம் என்றோர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தாள். யார் வந்தாலும் ஊரைக் கூட்டிக் கத்துகிற இனம் அது. சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது, பார்த்தால் கத்துவாள், அவ்வளவுதான். போன பங்குனியில் அவளும் வீட்டுக்காரரும் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரத்தில், இடது காது கிழிந்த நரி ஒன்று வந்து தரையில் கிடந்த நான்கு முட்டைகளையும் தின்றுவிட்டது.

விசாரித்ததில் மூன்று துறைகளுக்கும் சங்கதி தெரிந்தே இருந்தது. நரி ஆற்றைத் தாண்டியதைக் காகம் பார்த்திருந்தது. புதரில் பதுங்கியதைக் குரங்கு பார்த்திருந்தது. ஓடு நொறுங்கும் சத்தத்தைப் பெருச்சாளி கீழிருந்து கேட்டு, 'நான்கு முறை' என்று குறித்தும் வைத்திருந்தது. எல்லாம் அவரவர் கோப்பில் பத்திரமாக இருந்தன.

செங்கமலம் சிங்கராஜாவின் குகை வாசலில் மூன்று நாள் கத்தினாள். நான்காம் நாள், பகல் தூக்கம் கெட்ட ராஜா உத்தரவு போட்டார். இனி மூன்று துறைகளுக்கும் கூட்டுப் பயிற்சி. எந்தத் துறையையும் சேராதவள் என்பதால் செங்கமலமே ஒருங்கிணைப்பு அதிகாரி.

இந்த ஆண்டும் அவள் நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். "இதுகளாவது கண்ணைத் திறக்கணும்" என்று சொல்லி, வீட்டுக்காரரை அடைகாக்க உட்காரவைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

முதலில் காகத் துறை இயக்குநரைப் பார்த்தாள்.

"சார், உங்க பாடத்திட்டம் வேணும்."

"அது ரகசியம்மா."

"மத்த ரெண்டு துறைக்கும் அதைத்தானே சொல்லித்தரப் போறோம்?"

"தாராளமா சொல்லித்தரலாம். அவங்களுக்குத் தெரியாத மாதிரி சொல்லித்தரணும்."

குரங்கும் பெருச்சாளியும் இதையே வேறு வேறு முகத்தோடு சொன்னார்கள். ஏழு கூட்டம் நடந்தது. முடிவில், ஒவ்வொரு துறையும் தன் இடத்திலேயே ஒரு வகுப்பு நடத்துவது, மற்ற துறைகள் பிரதிநிதி அனுப்புவது என்று ஏற்பாடாயிற்று. வருகிற பிரதிநிதியின் பெயரையோ இனத்தையோ கேட்பது துறைகளுக்கிடையிலான மரியாதைக்குக் குறைவு என்று ஒரு விதி சேர்த்தார்கள். மூவரும் முணுமுணுக்காமல் ஒத்துக்கொண்ட விதி அது ஒன்றுதான். செங்கமலமும் கால் பதித்துக் கையெழுத்திட்டாள். காரியம் நடந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

இதற்குள் அவள் பாதியாக இளைத்துவிட்டாள். காரணம் அலைச்சல் மட்டுமல்ல. அவள் எங்கே போனாலும் தலைக்கு மேலே ஒரு காகம் பறந்தது. பக்கத்து மரத்தில் ஒரு குரங்கு தாவியது. காலுக்குக் கீழே மண் புடைத்துக்கொண்டு கூடவே வந்தது. தங்கள் ரகசியத்தை இவள் மற்ற இருவரிடம் கொண்டுபோய்க் கொட்டிவிடுவாளோ என்று மூன்று துறைகளுக்கும் சந்தேகம். நிம்மதியாக ஒரு புழுவைக் கொத்த முடியவில்லை.

வகுப்புகள் தொடங்கின. எந்தத் துறையும் பிரதிநிதி அனுப்பவில்லை. அனுப்பினால் அவன் அங்கே உளறிவைப்பானே! இருந்தாலும் மூன்று வகுப்பின் வருகைப் பதிவேட்டிலும் ஒரு பிரதிநிதி இருந்தார். காகத்தின் வகுப்பில் குரங்குத் துறை என்றும், குரங்கின் வகுப்பில் பெருச்சாளித் துறை என்றும், பெருச்சாளியின் வகுப்பில் காகத் துறை என்றும் பதிந்திருந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கும் அவரே முதல் ஆள்.

முதல் இரண்டு வகுப்பின் நாட்களிலும் செங்கமலத்தை மூன்றாவது வகுப்புக்கான அனுமதி வாங்க அலையவிட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்பில்தான் அவள் அவரைப் பார்த்தாள். இடது காது கிழிந்திருந்தது.

பிறவிக் குணம் போகுமா? காடே அதிரக் கத்தினாள்.

"என்னம்மா இது, வகுப்பு நடக்குதில்ல?" என்றது பெருச்சாளி.

"ஐயா, அது நரி!"

"அவர் காகத் துறை."

"காகத் துறையில நாலு காலோட யாரு இருக்கா?"

"அதை நான் கேக்கக் கூடாது. நீங்க கால் வச்ச விதிதானே?"

காகத்திடம் பறந்தாள். "எங்க துறையில நரி இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றது காகம்.

"இல்லைன்னாவது சொல்லித் தொலைங்க!"

"இல்லாதவங்களையெல்லாம் சொல்லிட்டு வந்தா, இருக்கறவங்க யாருன்னு கண்டுபிடிச்சிடுவாங்களே."

கத்துவதற்கென்றே பிறந்தவள் அன்று சரளையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். தன் காலாலேயே நரிக்கு வழி போட்டுக் கொடுத்ததை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

வீட்டுக்காரர் முட்டையை விட்டு எழாமலே கேட்டார். "உன் பின்னாடி மூணு பேர் சுத்துறாங்களே, அவங்க அந்த நரி பின்னாடி போகக் கூடாதா?"

"நரி பின்னாடி அவங்க எதுக்குப் போறாங்க? அதிகாரி பின்னாடிதான் போவாங்க" என்றாள் செங்கமலம். சொன்னவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

நிறைவு விழாவுக்குச் சிங்கராஜா வந்தார். மூன்று துறைப் பயிற்சியும் முடித்தவர் யார் என்று கேட்டார். நரி மூன்று சான்றிதழோடு அடக்கமாக முன்னால் வந்தது. அடுத்த துறைக்காரர்தானே என்று மூவரும் மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

செங்கமலம் எழுந்தாள். "மகாராஜா, என்னால முடியலை. மாத்து ஆள் கிடைச்சா என்னை விடுவிக்கலாம்னு விதி இருக்கு. மூணு துறையும் படிச்சவர் இந்தக் காட்டுல இவர் ஒருத்தர்தான். என் இடத்துல இவரை உட்கார வையுங்க."

ராஜா அங்கேயே உத்தரவு போட்டார். பதவி வந்துவிட்டதால் இனி நரியார் என்போம். நரியார் நாக்கால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல் வேலையாக ஏரிக்கரையை ஆய்வு செய்யப் போகிறேன்" என்றார்.

கிளம்பினார். ஒரு காகமும் கிளம்பியது. பக்கத்து மரத்தில் குரங்கு தாவியது. காலடியில் மண் புடைத்தது.

முட்டைகளுக்கு நான்கு எட்டு இருக்கும்போது நரியார் நின்றார். மேலே பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். அடைகாத்துக்கொண்டிருந்த செங்கமலம் வாயே திறக்கவில்லை.

"தண்ணீர் குடிக்க வந்தேன்" என்றார் நரியார், பொதுவாக. அது மூன்று கோப்பிலும் பதிவாயிற்று.

மறுநாளும் தண்ணீர் குடிக்க வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகாமல் விலா எலும்பு தெரிந்தது. அடைகாலம் முடிந்த அன்று, காகம் மேலே காவலிருக்க, குரங்கு மரத்தில் காவலிருக்க, பெருச்சாளி கீழே காவலிருக்க, நான்கு குஞ்சுகளும் கண் திறந்தன. பெருச்சாளி வழக்கம்போல் ஓடு விரியும் சத்தத்தை 'நான்கு முறை' என்று குறித்துக்கொண்டது.

நரியார் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். மாற்று ஆள் கிடைத்தால் விடுவிப்பதாகப் பதில் வந்தது. இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீதி: பகைவனை ஒருவரும் கண்காணிப்பதில்லை, சக அதிகாரியைக் கண்காணிக்காதவர் ஒருவரும் இல்லை. ஆகவே, பகைவனுக்கு உடனே பதவி கொடு.