மாலக்கி தேநீரை மறுத்த வரலாறு

மாலக்கி டோலன் தேநீர் குடிப்பதில்லை என்பது ஆவணங்களின்படி ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட உண்மை. காலையில் கேட்டார்கள், வேண்டாம் என்றார். பதினொரு மணிக்குக் கேட்டார்கள், வேண்டாம் என்றார். சாயங்காலமும் அதே பதில். ஒவ்வொரு மறுப்புக்கும் நேரமும் கையெழுத்தும் உண்டு. ரோஸ்காமன் என்ற ஐரிஷ் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் மாடுகளோடு வளர்ந்து தலை நரைத்த ஒரு மனிதர் தேநீர் குடிக்காதவராக இருக்க முடியுமா என்று கேட்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடம் விடவில்லை.

கேட்டவள் ஏத்னா. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைப் பராமரிப்பதற்கென்றே இருக்கிற நர்ஸிங் பட்டப்படிப்பில் மூன்றாம் வருஷம். நல்ல படிப்புதான், குறை சொல்வதற்கில்லை. வாய் பேசாதவருக்கு எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது, வலிப்பு வந்தால் என்ன செய்வது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு எப்படி ஊட்டுவது எல்லாம் சொல்லிக் கொடுப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் இவர்களை என்ன பெயரால் குறிப்பிடுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். முதல் வருஷம் 'இல்லவாசி' என்று படித்தாள். இரண்டாம் வருஷம் அது அவமரியாதையாகி 'சேவை பெறுபவர்' வந்தது. மூன்றாம் வருஷம் அதுவும் கெட்ட வார்த்தையாகி 'தம் வாழ்வின் தலைவர்' என்றானது. பழையதை எழுதினால் மதிப்பெண் போச்சு. தலைவர்களோ தங்களுக்குக் கிடைத்த பதவி உயர்வு தெரியாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

செய்முறைப் பயிற்சிக்கு ஏத்னாவை அனுப்பிய வீட்டில் ஐந்து தலைவர்கள். அவர்களில் மாலக்கிதான் புதியவர். அம்மாவோடு பண்ணையில் இருந்தவர், அம்மா போன பிறகு அங்கே வந்து சேர்ந்தார். வீட்டுப் பொறுப்பு பெர்னி என்ற மூத்த நர்ஸிடம். ஏத்னாவுக்குத் தேர்ச்சிக் கையெழுத்துப் போட வேண்டியவளும் அவளே.

முதல் நாள் காலை ஏத்னா கெட்டிலை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"மாலக்கி, டீ போடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா. உனக்கு எதுக்கு சிரமம்?"

வாய் அப்படிச் சொன்னது. கண் கெட்டிலை விட்டு நகரவில்லை. ஏத்னா ஊர் வழக்கப்படி அடுத்த வரியைத் தொடங்கினாள். "அட, தண்ணி கொதிச்சுக்கிட்டுதானே இருக்கு, ஒரு வாய்..."

பெர்னி பாய்ந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "அடியே, நிறுத்து! ரெண்டாவது தடவை கேக்கக் கூடாது."

"ஏன்?"

"ஒரு தடவை கேட்டா அது விருப்பம் கேக்கறது. ரெண்டாவது தடவை கேட்டா வற்புறுத்தல். உரிமை மீறல். சுற்றறிக்கை வந்திருக்கு."

"பெர்னி, முதல் தடவை கேட்டு 'சரி'ன்னு சொன்ன ஆளை இந்த ஊர்ல பார்த்திருக்கீங்களா? உங்க அம்மா சொல்வாங்களா?"

"எங்க அம்மாவா? அவளை மூணு தடவை கெஞ்சணும். அப்புறம் 'உனக்காக அரைக் கப்'ம்பா. அப்புறம் பானையவே காலி பண்ணுவா."

"அப்ப மாலக்கிக்கு மட்டும் ஏன் ஒரு தடவை?"

பெர்னி பெருமூச்சு விட்டாள். "எங்க அம்மா தம் வாழ்வின் தலைவர் இல்லையேடி."

மகனுக்கு எழுத்துச் சொல்லித்தர முடியாதென்று பள்ளிக்கூடம் கைவிட்டபோது, மாலக்கியின் அம்மா மரியாதையைச் சொல்லித்தந்தாள். முதல் தடவை கேட்டால், சிரமம் வேண்டாம் என்று சொல். இரண்டாம் தடவை, இப்போதுதான் குடித்தேன் என்று சொல். மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள். மாலக்கி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். தேநீருக்கு மட்டுமல்ல, சூப்புக்கும் பாலுக்கும் அதே முறை. ஆக, அவர் வயிற்றுக்குள் போனது மாத்திரைத் தண்ணீர்தான்.

ஏத்னா அவரிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். "மாலக்கி, முதல் தடவையே சரின்னு சொல்லிடுங்களேன்."

மாலக்கி அரண்டுபோனார். "காணாததைக் கண்டவன்னு நினைப்பாங்களே, கண்ணு!"

உதடு வெடித்தது. சட்டை தொளதொளத்தது. மாட்டுச் சந்தையில் ஒரு செவ்வாய்க்கிழமை தலைசுற்றிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமைச் சந்தைக்காகவே அவர் வாரம் முழுவதும் உயிரோடு இருந்தார் என்று சொல்லலாம். அங்கே குடியானவர்கள் அவர் தோளைத் தட்டி, "மாலக்கி, இந்தக் கிடாரி எப்படி?" என்று கேட்பார்கள். அவர் பின்னங்காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். விலை இறங்கும்.

தரக்கண்காணிப்பு அதிகாரி ஃபெர்கல் டூலி தாள்களைப் படித்தார். மனிதரைப் பார்க்கவில்லை, பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். 'தொடர் திரவ மறுப்பு' என்று தலைப்பிட்டு, இவரை மாவட்டத்துக்கு அப்பால் உள்ள பெரிய மையத்தின் திரவ மேலாண்மைப் பிரிவுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தார். அங்கே குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றுவார்கள். சந்தை கிடையாது.

இதைக் கேட்ட மறுநாள் பெர்னி வெளியே போயிருந்தபோது ஏத்னா மூன்று தடவை கேட்டாள். மாலக்கி இரண்டு கோப்பை குடித்தார், ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டார், பாட்டுக்கூடப் பாடினார். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்ததால் பைத்தியக்காரி அதை அப்படியே எழுதியும் வைத்தாள். 'தேநீர் சார்ந்த வற்புறுத்தல்' என்று சம்பவ அறிக்கை போனது. தேர்ச்சிக் கையெழுத்து நின்றது. மாற்றலை முடிவு செய்யக் கூட்டமும் கூடியது.

தலைவர் இல்லாமல் தலைவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது விதி. அதனால் மாலக்கியை டை கட்டி ஃபெர்கலுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். கூட்டம் தொடங்குமுன் கேன்டீன் அம்மாள் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"டீ, ஃபெர்கல்?"

"வேண்டாம் வேண்டாம், சிரமப்படாதீங்க."

"அட, ஒரு சொட்டு?"

"இப்பதான் குடிச்சேன்."

"இதோ ஊத்திட்டேனே!"

"சரி, நீங்க இவ்வளவு சொல்றதால." சாக்லேட் பிஸ்கட்டும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

"டீ, மாலக்கி?"

"ஐயோ, வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

கேன்டீன் அம்மாள் மறுபடி வாயைத் திறந்தாள். ஃபெர்கல் கையை உயர்த்தினார். "அவருடைய முடிவை மதிப்போம்." குறித்துக்கொண்டார்.

ஏத்னாவுக்குப் பொறுக்கவில்லை. "உங்க முடிவை மட்டும் ஏன் யாரும் மதிக்கல?"

"எந்த முடிவு?"

"வேண்டாம்னீங்களே. அப்புறம் குடிச்சேன்னீங்க. இப்ப குடிக்கிறீங்க."

ஃபெர்கல் கோப்பையைக் கீழே வைத்தார். "அது வேற. நான் சொன்னது மரியாதை. அவர் சொன்னது முடிவு."

"எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கு மரியாதை தெரியும்னு எல்லாருக்கும் தெரியுமே!"

ஏத்னா எழுந்தாள். போனால் பட்டம்தானே போகும் என்று தேநீர்ப் பானையைக் கையில் எடுத்தாள். "மாலக்கி, ஒரு வாய்?"

"இப்பதான் குடிச்சேன், கண்ணு."

"எனக்காக?"

"சரி," என்றார் மாலக்கி, "நீ இவ்வளவு சொல்றதால." மூன்று கோப்பை குடித்தார். ஃபெர்கலின் காது சிவந்தது.

மாற்றல் ரத்தானது. ஆனால் ஓர் அலுவலகத்துக்குத் தவறு செய்யத் தெரியுமே தவிர, ஒப்புக்கொள்ளத் தெரியாது. அதற்குப் பதில் நெறிமுறை வெளியிடும். 'மும்முறை வினவல் நெறிமுறை' பிறந்தது. எல்லாரையும் எதற்கும் மூன்று தடவை கேட்க வேண்டும், தாளில் மூன்று கட்டம். அரைநாள் பயிற்சி, முடிவில் சான்றிதழ். ஃபெர்கல் தலைநகரில் மாநாட்டில் உரையாற்றிக் கைதட்டல் வாங்கினார். அதே வீட்டில் கான்செப்டா என்றொருத்தி இருந்தாள். அவளுக்குத் தேநீர் நிஜமாகவே பிடிக்காது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மூன்றாவது தடவை அலுத்துப்போய் வாங்கி ஜெரானியச் செடிக்கு ஊற்றினாள். செடி செத்தது. செடிக்கும் ஒரு சம்பவ அறிக்கை எழுதினார்கள்.

ஏத்னா தேர்ச்சி பெற்றாள், பட்டமும் வாங்கினாள். அந்த வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். முதல் மாதம் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள். பெர்னி வாசலில் நின்றபடியே, "டீயா, டீயா, டீயா?" என்று ஒரே மூச்சில் கேட்டுக் கட்டங்களை நிரப்புவதைப் பார்த்துச் சண்டைகூடப் போட்டாள்.

"மூணு தடவை கேக்கணும்னுதானே இருக்கு?" என்றாள் பெர்னி. "நடுவுல மூச்சு விடணும்னு எங்க இருக்கு?"

குளிர்காலம் வந்தது. இரண்டு பேர் லீவு. இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மாத்திரை, குளிப்பாட்டல், வண்டி வந்து ஹார்ன் அடிக்கிறது, தாள் வேறு நாளுக்கொன்று கூடுகிறது. ஏத்னா ஒரு கையில் கோட்டும் ஒரு கையில் பேனாவுமாக வாசலில் நின்றாள்.

"மாலக்கி, டீயா, டீயா, டீயா?"

"ஐயோ, வேண்டாம்மா. உனக்கு எதுக்கு சிரமம்?"

சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்று கட்டத்திலும் குறி போட்டாள். கீழே கையெழுத்தும், பெயருக்குப் பின்னால் மறக்காமல் பட்டமும் போட்டாள்.