பால்கனியில் ஒரு வெளிநாட்டு விருந்தாளி

"பறக்கிறதுக்கு ஆசைப்பட்டு இருக்கிறதை விடாதே" என்றோ, "இருக்கிறதுக்கு ஆசைப்பட்டுப் பறக்கிறதை விடாதே" என்றோ நமசிவாயத்தின் பெரியப்பா அடிக்கடி சொல்லுவார். வாயில் எந்நேரமும் வெற்றிலை. எது முன், எது பின் என்று ஒருவருக்கும் சரியாகக் கேட்டதில்லை. நமசிவாயம் தன் வசதிக்கு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்.

அதனால்தான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் பாதிச் சனம் கனடாவுக்குப் போக ஏஜென்சிக்காரனைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு கனடாவிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார். ரொறன்ரோ நண்பர்கள் அவரை அனுதாபத்தோடு வழியனுப்பினார்கள். வெள்ளவத்தையார் சந்தேகத்தோடு வரவேற்றார்கள். "ஐயாவுக்கு அங்க ஏதும் பிரச்சினையோ?" என்று மீன்காரன்கூடக் கேட்டான். இரண்டு பாஷையில் படித்த நாற்பத்தெட்டு வயது மனுஷன், தான் ஏன் வந்தோம் என்பதற்கு ஒரு பாஷையிலும் பதில் இல்லாமல் ஆறு மாதம் திரிந்தார்.

ஏழாம் மாதம் பதில் பறந்து வந்தது.

ரொறன்ரோவிலிருந்து கொண்டுவந்த சிவப்புப் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் சீனித்தண்ணீர் நிரப்பி, மூன்றாம் மாடிப் பால்கனியில் தொங்கவிட்டிருந்தார். அங்கே அதற்கு ஹம்மிங் பேர்ட் என்ற அமெரிக்கக் குருவி வரும். இங்கே ஒரு கிழமையாக எறும்பு வந்தது. எட்டாம் நாள் காலை கட்டைவிரல் அளவில் ஒரு குருவி வந்தது. கழுத்தில் ஊதா மினுக்கம், வயிற்றில் மஞ்சள், வளைந்த சொண்டு. போத்தலுக்கு முன்னால் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. நமசிவாயத்துக்கு அந்த ஒரு கணம் போதும்.

"ஈஸ்வரி, ஓடிவாரும். ஹம்மிங் பேர்ட்."

மனைவி ஜெகதீஸ்வரி பிழிந்த சேலையும் கையுமாக வந்து பார்த்தாள்.

"இது தேன்சிட்டப்பா."

"தேன்சிட்டு இருந்து குடிக்கும். ஹம்மிங் பேர்ட் அந்தரத்தில நிண்டு குடிக்கும். இது நிண்டது."

"இப்ப இருக்குதே."

"களைப்பு. அமெரிக்காவில இருந்து வந்ததெல்லோ."

"கொழும்பில ஹம்மிங் பண்ணுறது ஜெனரேற்றர் மட்டுந்தான். தள்ளுங்கோ, சேலை காயப்போடோணும்."

அவர் தள்ளவில்லை. உள்ளே போய்ப் பறவைப் புத்தகத்தைப் புரட்டினார். ஆசியாவிலேயே இந்த இனம் இல்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. புத்தகம் எழுதினவன் வெள்ளவத்தைக்கு வந்திருக்க மாட்டான் என்று முடிவு செய்தார். இலங்கையில் முதன்முதல் ஹம்மிங் பேர்ட் கண்டவர் நமசிவாயம். ரொறன்ரோ பறவைச் சங்கத்துக்குக் கடிதம் போகும். அனுதாபப்பட்ட அத்தனை பேரும் வாசிப்பார்கள். 'இவன் விசரில போகேல்லை, வேலையாத்தான் போயிருக்கிறான்' என்று ஒருவனாவது சொல்லுவான்.

முதல் வேலையாகப் பால்கனிக் கொடியைக் கழற்றினார். துணி ஆடினால் பறவை மிரளுமாம்.

அன்றிலிருந்து உடுப்பெல்லாம் வீட்டுக்குள் காய்ந்தது. காய்ந்தது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. கடற்காற்றுக்கு அது புளித்தது. கதிரையில் சாரம், கதவில் சேலை. ரிவியில் செய்தி வாசித்தவர் ஒன்பது நாளும் ஒரு துவாய்க்குக் கீழே இருந்து வாசித்தார். நமசிவாயம் பைனாகுலரும் கொப்பியுமாகப் பால்கனியில் இருந்தார்.

நாலாம் நாள் எதிர் பிளாட் அஸீஸா கூப்பிட்டுக் கேட்டாள்: "ஈஸ்வரி, ஓங்கட மாப்புள என்னத்துக்கு எங்கட குசினியையே பாத்துக்கொண்டு இரிக்கிற?"

"குருவி பாக்கிறாராம்."

"எங்கட குசினியில கோழிதானே இரிக்கி. அதுவும் சட்டியில."

ஒன்பதாம் நாள் ஜெகதீஸ்வரி ஈரப் பாவாடையை மின்விசிறியில் கட்டியபடி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இன்னும் எத்தினை நாளைக்கு?"

"வெளிநாட்டில இருந்து வந்த விருந்தாளியைப் போ எண்டு சொல்லுறதோ?"

"வெளிநாடுதானோ? நிச்சயமோ?"

"நூறு வீதம்."

"எங்களோடதான் தங்கி நிக்குதோ?"

"ஓம். எங்கட விருந்தாளி."

"சரி" என்றாள் அவள்.

இருபது வருடக் குடித்தனத்தில் அந்தச் 'சரி'க்குப் பயப்பட அவர் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

அந்த யுத்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் யாரும் வந்து ஓர் இரவு தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். போன மாதம் ஜெகதீஸ்வரியின் சித்தப்பா கண் ஒப்பரேஷனுக்கு வவுனியாவிலிருந்து வந்தபோது, நமசிவாயம் அவரை வாசலிலேயே மறித்து, பையோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டுத்தான் தேத்தண்ணி கொடுத்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், ஈஸ்வரி" என்று ஒரு பிரசங்கமும் வைத்தார்.

அடுத்த நாள் காலை கதவில் தட்டுக் கேட்டது. சிங்களச் சார்ஜன் ஒருவர், கையில் பதிவுப் படிவம்.

"மாத்தயா, எங்க அமெரிக்கா ஆள்? உங்கட நோனா நேத்து வந்து சொன்னது. பத்து நாள் இருக்கு, ரெஜிஸ்டர் இல்லை."

"ஆள் இல்லை, சேர். குருவி."

சார்ஜன் ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். அவள் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள்.

"இவர்தான் சொன்னவர், சேர். வெளிநாட்டில இருந்து வந்து எங்களோட தங்கி நிக்குதாம். பிறகு எங்களுக்கு ஒரு கரைச்சலும் வரக்கூடாதெல்லோ."

சார்ஜன் ஈரச் சாரங்களுக்குள்ளால் குனிந்து பால்கனிக்குப் போனார். விருந்தாளி நேரம் பார்த்து வந்து, போத்தல் விளிம்பில் வசதியாக உட்கார்ந்து குடித்தது.

"மே சூட்டிக்கா நே" என்று தேன்சிட்டைச் சிங்களத்தில் அடையாளம் சொன்னார் சார்ஜன். "எங்கட ஊர், குருநாகல், வேலி முழுக்க இதுதான்."

"இல்லை, சேர். இது செக்கனுக்கு ஐம்பது தரம் செட்டை அடிக்கும். பின்பக்கமாவும் பறக்கும்."

"இப்ப பறக்குதா?"

"இப்ப... இல்லை."

சார்ஜன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"மாத்தயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சூட்டிக்கா எண்டால் நான் டீ குடிச்சுப் போறது. அமெரிக்கா ஆள் எண்டால் பாஸ்போட், விசா, எங்க இருந்து வந்தது, ஏன் வந்தது, எப்ப போறது, எல்லாம் எழுதணும். நீங்க ஸ்டேஷனுக்கு வரணும். அந்தப் பைனாகுலரும் வரணும்."

"கிழமைக்கு ஒருக்காக் கொண்டுவந்து காட்டவும் வேணுமோ, சேர்?" என்று ஜெகதீஸ்வரி பணிவாகக் கேட்டாள்.

"ஓ, காட்டணும்."

"இவர் காட்டுவார், சேர். சட்டத்தில சரியான கவனம்."

நமசிவாயம் மேசையைப் பார்த்தார். ரொறன்ரோவுக்கு எழுதிய நாலு பக்கக் கடிதம் அங்கே இருந்தது. பக்கத்தில் சார்ஜன் வைத்த படிவம். 'ஏன் வந்தது' என்ற கேள்வியில் கண் போய் நின்றது. தன்னைப் பற்றியே ஆறு மாதமாகச் சொல்லத் தெரியாத பதிலை, ஒரு குருவிக்காக அவர் எங்கே போய்த் தேடுவார்?

"தேத்தண்ணி ஆறப்போகுது, சேருக்கு" என்றாள் ஜெகதீஸ்வரி. பேனையை மூடி கழற்றி நமசிவாயத்தின் கையில் வைத்தாள்.

நமசிவாயம் 'பெயர்' என்ற இடத்தில் தேன்சிட்டு என்றும், 'பிறந்த இடம்' என்ற இடத்தில் வெள்ளவத்தை என்றும் எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு, கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.