ஏழாயிரம் பவுண்டுக்கு மேல்

"ஏழாயிரத்து அறுநூறு!" என்று எடை அறை ஜன்னலிலிருந்து கத்தினார் டெல்மர்.

தானியக் கிடங்கின் எடைமேடையில் தனியாக நின்ற, அடுப்பும் படுக்கையும் உள்ள பயண டிரெய்லரை ஆர்விட் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருடைய பிக்கப் லாரி ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்காது.

"விக்கும்போது ஆறாயிரம்னானே!"

"அது காலி வண்டிக்குப்பா. நீ வீட்டையே உள்ள ஏத்தி வச்சிருக்க."

வடக்கு டகோட்டாவில் நாற்பது வருஷம் கோதுமை போட்டவர் ஆர்விட். விதைப்பு, அறுவடை என்று தள்ளிப்போட்டு, மனைவி லவோனுக்குக் கடலைக் காட்டவே இல்லை. இந்தக் கோடையில் இந்த டிரெய்லரில் கட்டாயம் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

மறுவாரம் அடுப்பையும் மெத்தையையும் கழற்றிவிட்டு வந்தார்.

"ஏழாயிரத்து எழுநூறு!"

"கழட்டினா கூடுமாய்யா?"

"மழை பெஞ்சுதுல்ல? பலகையெல்லாம் தண்ணி குடிச்சிருக்கும்."

முன்பக்கத்து அலமாரிகளும் குளிர்பெட்டியும் இறங்கின. மூக்கு லேசானதும் வண்டியின் வால் ஆடத் தொடங்கியது. பின்னால் வந்த டிராக்டர்காரர் பயந்துபோய் வயலுக்குள் இறங்கிவிட்டார். ஆட்டத்தை அடக்க ஆர்விட் ஓர் இரும்பு அமைப்பை வாங்கி மாட்டினார். அதுவே நூறு பவுண்டு.

"எட்டாயிரம்!" என்றார் டெல்மர்.

அன்று மாலை ஆர்விட் கழிப்பறையைப் பெயர்த்துத் தூக்கி வந்தார். ஜூலை வெயிலில் போர்வையைப் போர்த்தியபடி முற்றத்தில் உட்கார்ந்திருந்த லவோன் அதைப் பார்த்தார்.

"அதையுமா? கடல் வரைக்கும் நான் அடக்கிக்கிட்டே வரணுமா?"

"வழியில சோளக்காடு இருக்குல்ல."

"மொன்டானா மலையில உனக்காகச் சோளம் போட்டு வச்சிருக்காங்களா?"

சிரித்துச் சிரித்து லவோனுக்கு இருமல் வந்தது. அது நிற்க வெகுநேரமாயிற்று. ஆர்விட் புல்லுக்குள் விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

செப்டம்பரில் லவோன் படுத்தார். பனி விழுமுன் அடக்கம் முடிந்துவிட்டது.

வசந்தத்தில், டிரெய்லரை வாங்க வந்த பழைய இரும்புக்காரர் எடைச்சீட்டு கேட்டார். ஆர்விட் மறுபடியும் கிடங்குக்குப் போனார். இம்முறை டெல்மர் கத்தவில்லை. வெளியே வந்து சீட்டைக் கையில் கொடுத்தார்.

"ஐயாயிரமா? போன வருஷம் எட்டாயிரம்! உன் தராசு கெட்டுப்போச்சா?"

"தராசு நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

டெல்மர் தொப்பியைக் கழற்றினார்.

"முதல் நாளே அது ஆறாயிரத்து இருநூறுதான், ஆர்விட். நீ கழட்டக் கழட்ட நான் கூட்டிச் சொன்னேன்."

"ஏன்டா?"

"மே மாசம் டாக்டர் கெடு சொன்ன அன்னைக்கே லவோன் இங்க வந்தா. 'இந்தக் கோடை பூரா அவன் வண்டியோட எடையைப் பத்தி மட்டும் கவலைப்படட்டும், டெல்மர்'னா."