வாசலைத் திருப்பிய வீடு

ஏற்காடு,
18.6.1989

பெருமதிப்பிற்குரிய அம்மாசி மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்காள் மகள் சின்னத்தாயி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான், ஆடுகள் மூன்று ஆகிய அனைவரும் நலம். வீடு மட்டும் நலமாக இல்லை. சேலத்தில் தாங்கள் கட்டும் கல்யாண மண்டபம் எந்த மட்டத்தில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, தங்கள் கொத்தனார் சாமான்களான கரணை, ரசமட்டம் சகிதம் புதன்கிழமைக்குள் பஸ் ஏறி வரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

போன வருடம் தாங்கள் இங்கே கட்டிய அடுக்குமாடிதான் காரணம். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நாற்பத்தெட்டு வீடுகள், வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள், ஆகத் தொண்ணூற்றாறு பேர் எங்கள் பள்ளியில் சேருவார்கள், இடம் போதாது என்று ஆபீசர் ஒருவர், கோட்டுக்கு அந்தப் பக்கத்து வீடுகள் ஓடைக்கு அப்பால் உள்ள பள்ளிக்கு என்று வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்துவிட்டார். எங்கள் தலைமையாசிரியர் கோவிந்தராஜ் சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோடு எங்கள் சமையலறையில், அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவே போகிறது. இப்படிக் கோடு நடுவே போகும் வீடுகளுக்கு, வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பள்ளி என்பது விதியாம். நம் வாசல் ஓடையைப் பார்த்து இருப்பதால் நான் அந்த ஓடைப் பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே எட்டாம் வகுப்போடு சரி. நான் இப்போது எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பதுதான் பாக்கி. மேலும் எங்கள் பள்ளி நூலக அலமாரியில் மூன்று தட்டுகள்தான் படித்து முடித்திருக்கிறேன். இன்னும் இரண்டு தட்டுகள் இருக்கின்றன, மாமா.

இதைக் கேட்டதும் அப்பா கடப்பாரையை எடுத்துவிட்டார்.

“ஊடு நம்முளுது. வாசலு எங்கிட்டு இருக்கோணும்னு நாமதான சொல்லோணும்? பின்னால திருப்பிப் போட்டாப் போச்சு!”

“ஏனுங்க, தாய்மாமங்காரன் கையில்லாம நிலை வெப்பாங்களா? அம்மாசி வரட்டுமுங்க” என்றாள் அம்மா.

“நிலையத்தான் உன் தம்பி வெக்கோணும். செவுத்த ஒடைக்கறதுக்குமா மாப்பள வேணும்?”

சமையலறைச் சுவரை உடைத்தார். புதிய நிலை எதற்கு என்று முன்வாசல் நிலையையும் கதவோடு பெயர்த்தார். பின்பக்க ஓட்டைக்கு அது ஒரு முழம் பெரிதாக இருக்கிறது. இப்போது நிலையும் கதவும் ஆட்டுக் கொட்டகையில் சாய்ந்து நிற்கின்றன, வீட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்டை, இரண்டிலும் சாக்குத் தொங்குகிறது. ஆடுகள் முன்னால் நுழைந்து பின்னால் போகின்றன. ஓடைக்கரை அத்தாயி அக்காளும் புல்லுக்கட்டோடு அப்படியே போகிறாள். “மேல்ரோட்டுக்கு நல்ல குறுக்கு வழி சாமி. சுத்தற வேல மிச்சம்” என்கிறாள். நேற்று ஒரு குரங்கு வந்து அம்மியின் மேல் உட்கார்ந்து என் வரலாற்று நோட்டில் பாதியைக் கிழித்தது. வியாழக்கிழமை ஆபீசர் நேரில் பார்க்க வருகிறார். இரண்டு ஓட்டைகளையும் பார்த்து, இரண்டு பள்ளியும் கிடையாது என்று எழுதிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இன்னொரு கவலையும் உண்டு. தினமும் சாயங்காலம் கொய்யா மரத்தில் ஏறி அடுக்குமாடியைப் பார்க்கிறேன். நாற்பத்தெட்டு வீடுகளில் ஒரே ஒரு கொடியில்தான் துணி காய்கிறது. ஒரு காக்கிச் சட்டை, ஒரு சிறிய நீலப் பாவாடை. தொண்ணூற்றாறு பிள்ளைகளின் துணிகளை எங்கே காயப்போடுகிறார்கள்? ஆபீசரைக் கேட்கலாமா என்றால், “பெரியவங்க கணக்குல வாய் வெக்கப்படாது கண்ணு” என்கிறார் அப்பா.

அத்தைக்கு என் வணக்கம். தாங்களும் தங்கள் கரணையும் நீடூழி வாழ மேல்மலைச் சாமியை வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வியாழக்கிழமை வரையாவது எட்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி,
ஐ. சின்னத்தாயி

பி.கு.: கதவில்லாத வீட்டை விட்டுத் தபால்தலை வாங்க ஒண்டிக்கடைத் தபாலாபீசுக்குப் போக முடியாமல் கடிதம் வீட்டிலேயே கிடந்துவிட்டது. இன்று வியாழன். காலையில் ஆபீசர் வந்தார். நடுவீட்டில் நின்று, “இதுல வாசல் எதும்மா?” என்று கேட்கும்போதே அத்தாயி அக்காள் புல்லுக்கட்டோடு நுழைந்து, “கொஞ்சம் ஒதுங்குங்க சாமி, வழியில நிக்கறீங்க” என்றாள். அவர் தாம் கேட்ட கேள்வியையே மறந்துவிட்டார். அந்த இடைவெளியில் நான் துணிக் கேள்வியைக் கேட்டுவிட்டேன். என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு நேரே அடுக்குமாடிக்கு நடந்தார். பின்னாலேயே அப்பாவும் நானும் போனோம். வாட்ச்மேன் லாசர் சொன்னார்: “எல்லாம் மெட்ராஸ்காரங்க ஊடுங்க. மே மாசம் வந்து குளுந்துட்டுப் பூட்டிட்டுப் போயிருவாங்க. வருசம் பூரா இருக்கறது நானும் எம் மகளுந்தானுங்க.” ஆபீசர் அங்கேயே வரைபடத்தை விரித்துச் சிவப்புக் கோட்டை அடித்து நீக்கிவிட்டார்.

ஆகவே மாமா, பின்வாசல் வைக்க வர வேண்டாம். அதை அடைத்து முன்வாசலை வைக்க வாருங்கள். அடைக்கக் கூடாது என்று அத்தாயி அக்காள் இப்போதே சண்டைக்கு நிற்கிறாள்.

அந்தத் தொண்ணூற்றாறு பேரில் ஒருத்தி, லாசர் மகள் பிலோமினா, இன்று மத்தியானம் நீலப் பாவாடையுடன் எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர வந்தாள். பெஞ்சில் இடம் இல்லை என்றார்கள். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். போதுமாக இருந்தது.